ஆறு மாசம் போகட்டும் என்று நான் சொன்னது

நம் வார்டுக்காரர்களின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி இப்போது வார்டில் வேலை பார்க்கும் நஞ்சுண்டன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டான். பிளேக் காலத்தைப் பற்றியோ, ஆஸ்பத்திரிக்கு எலெக்ட்ரிக் விளக்கு வந்ததைப் பற்றியோ எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் எழுதப் போவது ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி. "ஆறு மாசம் போகட்டும்" என்பதே அது. அதை உண்டாக்கியவன் நான். உங்களில் பலர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இனி யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். கூச்சப்படுகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடலாம். முப்பத்திரண்டு வருஷம் நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நான் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராகச் சேர்ந்த கதை நீளமானதல்ல. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினேன்; மேலே படிக்க வழியில்லை; எங்கள் தெருவில் இருந்த கம்பவுண்டர் ஒருவர் கூட்டிக்கொண்டுபோய் மைசூர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் சர்ஜிகல் வார்டில் விட்டார். முதல் வருஷம் துணி சுருட்டினேன். இரண்டாம் வருஷம் கட்டு அவிழ்த்தேன். மூன்றாம் வருஷம் பெரிய டாக்டர் என் கையில் கம்பியைக் கொடுத்தார்.

நீங்கள் அறிந்த கம்பிதான். மூத்திரப் பாதை தழும்பால் சுருங்கிப்போனவர்களுக்கு அதை விரித்துக் கொடுக்கும் வளைந்த உலோகக் கம்பி. பெரிய டாக்டர் கன்னடக்காரர். சாமராஜநகர்ப் பக்கத்து நோயாளிகளிடமே தமிழ் கற்றதாகச் சொல்வார். கம்பி கொதித்து, ஆறி, உடம்புச் சூட்டுக்கு வந்திருக்கிறதா என்று முதலில் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பார். பிறகு எண்ணெய். பிறகு இரண்டு விரலால் பிடித்து, தள்ளாமல், கம்பி தன் கனத்தாலேயே இறங்கும்வரை காத்திருப்பார். நான் ஒரு நாள் அவசரப்பட்டு அழுத்தியபோது என் விரல் முட்டியில் ஒரு தட்டு விழுந்தது.

"நோடப்பா, இங்கே பார், கம்பிக்குக் கண் இருக்கு. உன் கைக்குத்தான் இல்லை. நீ சும்னெ பிடிச்சுக்கோ. அது போகும்."

ஆபரேஷன் ஆன நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவர் செய்யும் சோதனை விசித்திரமானது. வார்டுக்குப் பின்னால் ஒரு துத்தநாகத் தொட்டி இருந்தது. நோயாளி கதவைச் சாத்திக்கொண்டு அதில் மூத்திரம் பெய்யவேண்டும். பெரிய டாக்டர் கதவுக்கு வெளியே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பார்க்கமாட்டார், கேட்பார். தாரை தொட்டியில் விழும் ஓசையிலிருந்தே எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் விழுகிறது, எங்கே மெலிகிறது என்று சொல்லிவிடுவார். ஓசை திருப்தியாக இருந்தால் டிஸ்சார்ஜ். அதோடு அவர் வேலை முடிந்தது. என் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

ஏனென்றால் நோயாளிகள் இன்னொரு கேள்வியை வைத்திருந்தார்கள். அதை டாக்டரிடம் கேட்கமாட்டார்கள். கடைசிக் கட்டு அவிழ்க்கும்போது, டிரஸ்ஸிங் அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, என்னிடம் கேட்பார்கள். வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள், இனிமேல் ஆகுமா? கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது; தடையில்லையே? குழந்தை பிறக்குமா? எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லும் தைரியமும் இல்லை. முதன்முதலாக ஒருவர் கேட்டபோது முகம் சிவந்து, கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆறு மாசம் போகட்டும்." அவர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். அது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. மூன்று மாசம் என்றால் திரும்பி வந்து கேட்பார்கள். ஒரு வருஷம் என்றால் அழுவார்கள். ஆறு மாசம் என்றால் போய்விடுகிறார்கள்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காபிக்கு என் வீட்டுக்கு வருவதுண்டு. அவர்களிடம் இதை ஒரு சாமர்த்தியமாகச் சொல்லியிருக்கிறேன். "தேறாத கேஸ்னா எங்கப்பா பதில் சொல்றது? ஆறு மாசம்னு சொல்லி அனுப்பிச்சுடுவேன்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். கூடத்தில் என் மகன் கோபால் பாடம் படித்துக்கொண்டிருப்பான். இந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு பாட்டிலும் சேர்ந்துகொண்டது. ரப்பர் குழாய் உள்ளே இருக்கும் நாட்களில் தூக்கத்தில் உறுப்பு விறைத்தால் தையல் பிய்ந்துவிடும். அதற்காகப் பெரிய டாக்டர் சாயங்காலம் புரோமைடு மிக்சர் கொடுப்பார். ஆசையையும் உடம்பையும் அது மந்தமாக்கும். குழாயை எடுத்த அன்றே அதை நிறுத்தச் சொல்வார். நான் என்ன செய்தேன்? ஆறு மாசம் என்று சொல்லிவிட்டோமே, அதுவரை ஆசை எழாமல் இருப்பது நல்லதுதானே என்று நானாகவே நினைத்து, வாலிப வயதுக்காரர்களின் சீட்டில் "இதே மிக்சர் தொடரவும்" என்று எழுதிவிடுவேன். டாக்டரைக் கேட்கவில்லை. நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

அப்படி ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு போனவர்தான் செங்கோடன்.

அவர் கோபிநத்தத்துக்காரர். அந்த ஊர் மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்ததல்ல. கோயம்புத்தூர் ஜில்லாவில், காவேரிக்கரைக் காட்டோரம் இருக்கிறது. கோயம்புத்தூரைவிட நம் ஆஸ்பத்திரி கிட்டே என்று இங்கே கொண்டுவந்தார்கள். வண்டியில் ஏறும்போது கால் வழுக்கி, முன்னால் நீண்டிருக்கும் ஏர்க்கால் மரத்தின் மேல் இரண்டு பக்கமும் கால் தொங்க விழுந்திருந்தார். உள்ளே மூத்திரப் பாதை கிழிந்துவிட்டது. பெரிய டாக்டர் கீழிருந்து திறந்து, குழாய் வைத்துத் தைத்தார். மூன்று வாரம் கழித்துத் தொட்டியில் ஓசை நன்றாகவே கேட்டது. அன்று மத்தியானம் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, ஒன்னு கேக்கோணும்."

"கேளு."

"ஊட்டுக்குப் போனா... பளைய மாதிரி இருக்கலாமுங்களா?"

"ஆறு மாசம் போகட்டும்."

"ஆறு மாசமுங்களா? சரி, ஆவட்டுமுங்க."

ஒன்பது மாசம் கழித்து அவர் திரும்பி வந்தார். ஆள் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்போல மெதுவாகப் பேசினார். முகமெல்லாம் பரு. கம்பி போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மேஜையைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"பெரியவருகிட்ட ஒரு சீட்டு வாங்கிக் குடுங்க. நானு ஆம்பளைக்கு ஆவாதவன்னு எளுதி, முத்திரை போட்டு."

"எதுக்குய்யா அப்படி ஒரு சீட்டு?"

"அவளுக்கு இருவது வயசுங்க. எங்களுக்குள்ள தீத்து உட்டுப்போட்டா மறுக்கா கட்டிக் குடுப்பாங்க. சும்மா தீத்து உட்டா அவ மேலதான் குத்தஞ் சொல்லுவாங்க. சீட்டு இருந்துதுன்னா எம்மேல போயிருமுங்க."

பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் விஷயத்தைக் கேட்டார். சீட்டு எழுதவும் இல்லை, மறுக்கவும் இல்லை. செங்கோடனை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, அறை மூலையில் இருந்த பேசினுக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த கைதான். முதுகைக் காட்டிக்கொண்டு, விரல் விரலாகச் சோப்புப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"செங்கோடா, காலையிலே எழுந்திருக்கும்போது எப்படி இருக்கும்?"

முகத்தைப் பார்க்காமல் கேட்டதாலோ என்னவோ, செங்கோடன் பதில் சொன்னார். ஒன்றுமில்லை என்றார். குழாய் எடுத்த புதிதில் இரண்டு மூன்று நாள் இருந்தது, பிறகு நின்றுவிட்டது என்றார்.

"அந்த ரெண்டு மூணு நாள் இருந்துதா? ஹௌதா, நிஜமா?"

"இருந்துதுங்க."

"அப்போ நரம்பு சாகலை. முகத்துலே இந்தப் பரு எப்போ வந்தது?"

"மருந்து குடிக்கப் போய்த்தானுங்க."

டாக்டரின் கை நின்றது. "என்ன மருந்து?"

செங்கோடன் மடியிலிருந்து சீட்டை எடுத்தார். ஒன்பது மாசமாகப் பக்கத்து டிஸ்பென்சரியில் காட்டிக் காட்டி வாங்கி, ஒரு வேளை விடாமல் குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்தாயிற்றே. டாக்டர் சீட்டைப் படித்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ஆனாலும் என்னைப் பார்க்காமல் செங்கோடனைத்தான் கேட்டார்.

"ஆறு மாசம் விலகி இருன்னு யார் சொன்னா?"

செங்கோடன் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "அல்லாருஞ் சொல்றதுதானுங்க."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "நீ கெட்டுப் போகலையப்பா. இந்த மருந்து உன்னைத் தூங்க வெச்சிருக்கு. இதை விட்டுடு. பயமும் பாதி வியாதி. உன் பெண்டாட்டிகிட்டே எல்லாத்தையும் சொல்லு. முன்னை மாதிரியே இருக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். விந்து பாயாமல் மெதுவா வழியலாம், அதுக்குப் பயப்படாதே. ரெண்டு மாசம் கழிச்சு வா. அப்பவும் சரியாகலைன்னா சீட்டைப் பத்திப் பேசலாம்."

அவர் போன பிறகு டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். சீட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "நீ கம்பியை அழுத்தினப்போ ஒரு தட்டுத் தட்டினேன். இதுக்கு எங்கே தட்டறது?" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மாசத்தில் வராத செங்கோடன் ஐந்தாம் மாசம் வந்தார். பின்னால் அவர் பெண்டாட்டி, தலையில் ஒரு சிறு மூட்டை சாமையோடு. "முளுகாம இருக்கறாளுங்க" என்று அவள் கர்ப்பமாக இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. அந்த ஆறு மாசப் பேச்சை வேற ஒருத்தருக்குஞ் சொல்லிப்போடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். என் வாயால் பிறகு சொன்னதில்லை. யாராவது கேட்டால் டாக்டரைக் கேள் என்று அனுப்பினேன். ஆனால் அதற்குள் கூட இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கட்டிலில் வேறொருவர் "ஆறு மாசம் போகட்டும்" என்று சொல்வது காதில் விழும். அது தவறு, அதைக் கட்டிவிட்டவன் நான் என்று சொன்னால் என் மரியாதை என்ன ஆவது? பேசாமல் இருந்தேன். பெரிய டாக்டர் ரிடையராகி ஊருக்குப் போனார். பிறகு நானும் ரிடையரானேன்.

இனி எழுதுவது என் வீட்டு விஷயம். எழுதலாம் என்று கோபாலே சொன்னான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் மாசி மாதம், கோபால் சைக்கிளில் சாமுண்டி மலை அடிவாரத்துச் சரிவில் வந்துகொண்டிருந்தபோது செயின் கழன்றது. பெடலில் இருந்த கால் நழுவி, முழுக் கனத்தோடு நடுக் கம்பியின் மேல் விழுந்தான். வயது இருபத்தைந்து. மின்சார இலாகாவில் குமாஸ்தா. வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து அவன் வேட்டியில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும், எது கிழிந்திருக்கிறது, எங்கே திறப்பார்கள், எத்தனை நாள் குழாய் இருக்கும் என்று எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் தைரியம் வரவில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சை நானே எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். அது எவ்வளவு குறுகல் என்று அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் அவன் தன் அம்மாவிடம் சொன்னான்: "முகூர்த்தத்தை நிறுத்திடுங்க." காரணம் சொல்லவில்லை. அவள் என்னிடம் வந்து அழுதாள். அவன் அறைக்குப் போனேன். பகல் பதினோரு மணிக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஜன்னலில் ஒரு பாட்டில் இருந்தது. அவன் திரும்பியபோது கன்னத்தில் பருக்களைப் பார்த்தேன்.

"யாரு எழுதிக் குடுத்தா இதை?"

"நஞ்சுண்டன். நான் அவரைக் கேட்டேம்பா. ஆறு மாசம் போகட்டும்னார்."

"அதனாலயா நிறுத்தச் சொல்றே?"

"நீங்கதானே சொல்வீங்க, தேறாத கேஸுக்கு அதுதான் பதில்னு."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் இப்போதைய சர்ஜன் ரவுண்டு முடிந்து நின்றுகொண்டிருந்தார். நீங்கள் ஆறேழு பேர் சுற்றி நின்றீர்கள். நஞ்சுண்டன் சந்தோஷத்தோடு "பன்னி சார், பன்னி!" என்று கன்னடத்தில் வரவேற்று, "கோபால் எப்படி இருக்கார்?" என்றான்.

"ஆறு மாசம்னு அவனுக்கு ஏன்பா சொன்னே?"

"நீங்க சொல்றதுதானே சார்? இங்கே எல்லாருக்கும் அதுதானே ரூலு?"

சர்ஜன் திரும்பினார். "என்ன ரூல்? எந்தப் புஸ்தகத்திலே இருக்கு?"

"எந்தப் புஸ்தகத்திலும் இல்லை சார்" என்றேன். "என் வாயிலேதான் இருந்தது." வெட்கத்தில் உண்டாக்கியது, பாட்டிலையும் நானே சேர்த்தது, செங்கோடன் கேட்ட சீட்டு, எல்லாவற்றையும் அங்கேயே நின்றபடி சொன்னேன். உங்கள் முகங்களை நான் பார்க்கவில்லை. நஞ்சுண்டன் மாத்திரம் "சார், பேடா சார், வேண்டாம்" என்று மெல்லச் சொன்னது கேட்டது. நிறுத்தவில்லை, முடிக்கும்வரை சொன்னேன்.

சர்ஜன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காயம் ஆறி, வலியில்லாமல், தாரை குறையாமல் இருந்தால் சில வாரங்களே போதும். பெரும்பாலோருக்குத் திரும்பிவிடும், சிலருக்கு நாளாகும், சிலருக்கு முழுக்கத் திரும்பாது. காலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ஆளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். மிக்சரை இன்றே நிறுத்தவேண்டும்.

அந்த ஆளைக் கேட்கவேண்டும். என் மகனை. சர்ஜனிடமே கூட்டிப்போவது எளிது. ஆனால் அவன் பயம் சர்ஜன் கொடுத்ததல்ல, நான் கொடுத்தது.

பாட்டிலைக் கொட்டிவிட்டு, நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. மூன்று வாரம் காத்திருந்தேன். பரு அடங்கியது. ஒரு நாள் காலை அவன் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் குழாயடிக்குப் போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, கை கழுவ ஆரம்பித்தேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் வாய் வரவில்லை. மூன்றாம் தடவை கேட்டுவிட்டேன்.

"கோபாலு, காலையிலே எழுந்திருக்கறப்போ எப்படிடா இருக்கு?"

பேப்பர் சத்தம் நின்றது. நான் நாலாம் தடவை சோப்பை எடுத்தேன்.

"நாலு நாளா பரவாயில்லைப்பா" என்றான். பிறகு, "நீங்க எவ்வளவு நேரம்தான் கழுவுவீங்க? தோல் உரிஞ்சுடப் போறது" என்றான்.

பெண் வீட்டாருக்குச் சொல்லிவிடவேண்டும் என்று அவனே தீர்மானித்தான். அவன் அம்மா வேண்டாம் என்று கெஞ்சினாள். நான் சம்பந்தி தணிகாசலத்தைப் பார்க்கப் போனேன். அவர் ஹைஸ்கூல் வாத்தியார். நடந்ததைச் சொன்னேன். தழும்பு சுருங்காமல் இருக்க மாசம் ஒரு தடவை கம்பி போடவேண்டியிருக்கும், ஒருவேளை ஆயுசு முழுக்க, என்றும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

"இதெல்லாம் நீங்க டிரஸ்ஸராச் சொல்றீங்களா, அப்பாவாச் சொல்றீங்களா?"

"அப்பாவா இருந்தா மறைச்சிருப்பேன். டிரஸ்ஸரா இருந்தா ஆறு மாசம் போகட்டும்னு சொல்லியிருப்பேன். ரெண்டும் இல்லாம வந்திருக்கேன்."

"தேறிடுவார்னு ஜாமீன் குடுப்பீங்களா?"

"மாட்டேன். பெரும்பாலும் தேறும்னு சர்ஜன் சொல்றார். பையனுக்கு நம்பிக்கை வந்திருக்கு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பெண்ணிடம் சொல்லிவிட்டுத் தகவல் அனுப்புகிறேன் என்றார். நான்கு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டினோமே தவிர யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் அவரே வந்தார்.

"எல்லாம் சொன்னேன். அவ அம்மாவும் சொன்னா. நேத்து ஒண்ணு மட்டும் கேட்டா. உங்களைக் கேட்டுண்டு வரச் சொன்னா."

"என்ன?"

"அந்தக் கம்பி போடறச்சே அவருக்கு வலிக்குமான்னு."

நான் உள்ளே போய்க் கோபாலைக் கேட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"வலிக்கும்னு சொல்லுங்க. தாங்கிக்கலாம்னும் சொல்லுங்க."

வைகாசியில் அதே முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது அவர்கள் விஷயம். கவலை எனக்கு இன்னும் போகவில்லை; கம்பி போடும் நாளில் அவன் வீடு திரும்பும்வரை வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். அது என்னோடு இருக்கட்டும். உங்களிடம் நான் கேட்பது இதுதான். இன்றைக்கு டிரஸ்ஸிங் அறையில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள், சர்ஜனிடம் அழைத்துப் போங்கள், கூடவே நில்லுங்கள். டாக்டர் எழுதாத மருந்தை எழுதாதீர்கள்.

இன்னொன்று. முப்பத்திரண்டு வருஷம் "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டேதான் நான் கம்பி போட்டேன். வலிக்கிறதா என்று ஒருவரையும் கேட்டதில்லை.